ஊரில் இல்லாத பட்டை வேண்டுமா? பாட்டியின் காதைப் பாருங்கள்!

வைர நகை வாங்கக் கடைக்குள் நுழைந்ததும் நம்மைக் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை சென்ட் பார்க்கிறீங்கம்மா?" என்பதுதான். நாமும் பதிலுக்கு, "புள்ளி இல்லாம இருக்கணும், நல்ல வெள்ளையா இருக்கணும்" என்போம். அதோடு பேச்சு விலைக்குத் தாவிவிடும். அந்தக் கல்லில் எந்த மாதிரிப் பட்டை தீட்டியிருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கல்லின் நிறமும் சுத்தமும் பூமித்தாய் கொடுத்தது. நாம் ஒன்றும் செய்வதற்கில்லை. பட்டை ஒன்றுதான் மனிதன் கை கொடுத்தது. பட்டை தீட்டாத வைரம் தெருவில் கிடந்தால் கூழாங்கல் என்று காலால் தள்ளிவிட்டுப் போவோம். அதை வைரமாகக் காட்டுவதே பட்டைதான். அப்படியிருக்க, மற்றதெல்லாம் கேட்டுவிட்டு அதை மட்டும் கேட்காமல் விடலாமா?

இந்தக் காலத்துப் பெண்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். போனிலேயே உலகத்து நகையெல்லாம் பார்த்துவிடுகிறார்களே! என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "எல்லாரும் போடுற ரவுண்டு வைரம் எனக்கு வேணாம்மா. வேற மாதிரி கட்டிங்கா பாரு" என்பதுதான். அவளுக்காகக் கடைகடையாக ஏறி இறங்கியதிலும் விவரம் தெரிந்தவர்களைக் கேட்டதிலும் தெரிந்துகொண்டதை வாசகியரோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது.

சாணை முன் உட்கார்ந்த நாட்கள்

"ஆவூரில் இருக்கும் இல்லத்தரசிக்கு வைரப் பட்டையைப் பற்றி என்ன தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். ஆவூர் என்றால் வெளியூர்க்காரர்கள் பெரியநாயகி மாதா கோயிலைத்தான் சொல்வார்கள். ஆனால் திருச்சியைச் சுற்றியும் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களிலும் ஒரு காலத்தில் கல் பட்டை தீட்டுவது பெரிய கைத்தொழிலாக இருந்தது. உண்மை வைரம் அல்ல, செயற்கைக் கற்கள். 1902-ல் வெர்னூய் என்ற பிரெஞ்சுக்காரர் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். அதற்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வந்த செயற்கைக் கட்டிகளை உடைத்து, பட்டை தீட்டி, 'திருச்சிக் கல்' என்று பேர் வாங்கிக் கொடுத்தது இந்தப் பக்கத்துக் கைகள்தான். 1970-களின் பின்பாதியில் அமெரிக்கன் டைமண்ட் என்று நாம் சொல்லும் கல்லும் வந்து சேர்ந்தது.

கல்யாணத்துக்கு முன் நானும் கொஞ்ச நாள் சாணை முன் உட்கார்ந்திருக்கிறேன். குச்சி முனையில் அரக்கை உருக்கிக் கல்லை ஒட்டி, சுழலும் தட்டில் வைத்து அழுத்த வேண்டும். கை கொஞ்சம் சாய்ந்தால் பட்டை கோணிவிடும், கல் குருடாகிவிடும். நூறு கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கண்ணும் இடுப்பும் வலிக்கும். அப்புறம் இயந்திரத்தில் வெட்டிய சீனக் கல் மலிவாக வந்து இறங்கியதும் இந்தத் தொழில் நொடித்துப் போனது. ஆனால் ஒரு பாடம் மட்டும் என் விரலிலேயே தங்கிவிட்டது. ஒரே கட்டியிலிருந்து உடைத்த இரண்டு கல்லில் ஒன்று ஜொலிக்கும், ஒன்று கண்ணாடித் துண்டாகக் கிடக்கும். வித்தியாசம் பட்டையில்தான்!

பட்டை என்ன செய்கிறது?

வைரத்துக்குள் போகும் வெளிச்சம் அடிப்பக்கமாக ஓடிவிடாமல், உள்ளே மோதித் திரும்பி, மேல்வழியாக நம் கண்ணுக்கே வர வேண்டும். அதற்குத் தகுந்த சரிவில் ஒவ்வொரு பட்டையையும் வைப்பதுதான் வித்தை. கல் ரொம்பத் தட்டையாக இருந்தாலும் வெளிச்சம் ஒழுகும், ரொம்ப ஆழமாக இருந்தாலும் நடுவில் இருண்டு போகும்.

இன்று எல்லாக் கடையிலும் கிடைக்கும் வட்ட வைரத்துக்கு 57 பட்டைகள். அடி முனையையும் சிறு பட்டையாகத் தீட்டியிருந்தால் 58. இந்தச் சரிவுகளைக் கணக்குப் போட்டு 1919-ல் புத்தகமாக எழுதியவர் பெல்ஜியத்தில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி. அந்த வழியில் வந்ததுதான் இன்றைய வட்டப் பட்டை. மினுமினுப்பில் அதற்கு இணை இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதைத் தீட்டுவதற்குள் தோண்டி எடுத்த கல்லில் பாதிக்கு மேல் தூளாகப் போய்விடுவது உண்டு. விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். அதே எடையில் நீள்வட்டம், சதுரம் போன்ற மற்ற வடிவங்கள் பெரும்பாலும் கொஞ்சம் சகாயமாகவே கிடைக்கும்.

விதவிதமான பட்டைகள்

கடையில் கேட்டால் எடுத்துக் காட்டக்கூடிய சில பட்டைகளை நமக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன்.

மரகதப் பட்டை: எமரால்டு கட் என்பார்கள். நீண்ட சதுரம், மூலை மழுங்கியிருக்கும். கோயில் குளத்துப் படித்துறை மாதிரி பட்டைகள் படிப்படியாக இறங்கும். மினுக்கு குறைவு, ஆனால் அமைதியான ஒளி. உள்ளே ஒரு புள்ளி இருந்தாலும் கண்ணாடித் தொட்டியில் மீன் மாதிரித் தெரிந்துவிடும். எனவே சுத்தமான கல்லாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஆஷர் பட்டை: மரகதப் பட்டைக்குத் தம்பி, சதுரமாக இருக்கும். 1902-ல் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஜோசஃப் ஆஷர் அமைத்தது.

பிரின்சஸ்: கூர்மூலைச் சதுரம். நன்றாக மின்னும். ஆனால் மூலை தட்டுப்பட்டால் சில்லு பெயரும்.

பேரிக்காய், மார்க்கீஸ்: ஒன்று கண்ணீர்த்துளி வடிவம், மற்றது படகு வடிவம். குட்டை விரலையும் நீளமாகக் காட்டும். நேர்ப்பார்வையில் நடுவில் கழுத்து 'போ' மாதிரி கறுப்பு நிழல் விழுகிறதா என்று பாருங்கள். நிழல் பெரிதாக இருந்தால் வேண்டாம்.

ரோஸ் பட்டை: அடிப்பக்கம் தட்டை, மேலே குவிந்த மொட்டு. பழைய காலத்துப் பட்டை. பளீரென்று அடிக்காது, விளக்கைத் தூண்டிவிட்ட மாதிரி மெதுவாக ஒளிரும். எடை குறைவாக இருந்தாலும் முகம் அகலமாகத் தெரியும். மூக்குத்திக்குப் பாந்தமாக இருக்கும்.

பழைய குஷன் பட்டை: வெளிநாட்டில் 'ஓல்டு மைன்' என்று பெயர். தலையணை மாதிரி மழுங்கிய சதுரம். மேல்முகம் சின்னது, உயரம் அதிகம். மேலிருந்து பார்த்தால் நட்ட நடுவில் ஒரு குட்டி வட்டம் தெரியும். அடி முனையைக் கூராக விடாமல் மழுக்கியதால் தெரிகிற வட்டம் அது. சிலர் அதைக் குறை என்பார்கள். குறை இல்லை, அந்தக் காலத்துக் கையெழுத்து! மின்சாரம் வராத காலத்தில் தீட்டிய பட்டை. குத்துவிளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், பெரிய பெரிய பொறியாக நிறம் தெறிக்கும்.

எடையா, ஒளியா?

பட்டை என்பது ரசனையைப் பொறுத்தது என்பதற்கு இரண்டு பெரிய கல்லின் கதை சொல்கிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரேசிலில் வைரம் கண்டெடுக்கும் வரை உலகத்துக்கே வைரம் கொடுத்தது பெரும்பாலும் நம் நாடுதான். கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கமும், கல்லை விற்ற கோல்கொண்டாவும் அப்படிப் பேர் பெற்றவை. நம் பட்டைக்காரர்கள் எடை குறையாமல் தீட்டுவதையே பெருமையாக நினைத்தார்கள். மேல்நாட்டார் எடை போனாலும் ஒளி வர வேண்டும் என்றார்கள். கோஹினூர் 1851-ல் லண்டன் பொருட்காட்சியில் வைக்கப்பட்டபோது, "இவ்வளவுதானா மின்னும்?" என்று ஜனங்கள் முகம் சுளித்தார்களாம். மறு வருஷமே அதை மறுபடி பட்டை தீட்டினார்கள். சுமார் 186 கேரட்டாக இருந்த கல் 105.6 கேரட்டாக இளைத்துவிட்டது. எண்பது கேரட் தூளாகப் போனது போனதுதான்!

இன்னொன்று ஓர்லோவ் வைரம். பாதி முட்டையைக் கவிழ்த்த மாதிரி, நம் நாட்டு ரோஸ் பட்டையிலேயே இருக்கிறது. ஏறக்குறைய 190 கேரட். நம் திருவரங்கம் கோயில் சிலையின் கண்ணாக இருந்ததை ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் திருடிக்கொண்டு போனான் என்று ஒரு கதை உண்டு. அது கதைதான், ஆதாரம் கிடையாது. ஆனால் அந்தக் கல் ரஷ்ய அரசி கேத்தரீனின் செங்கோலில் ஏறி, இன்று மாஸ்கோ கிரெம்ளினில் இருப்பது நிஜம். யாரும் அதை மறுபடி தீட்டவில்லை. பழைய பட்டையோடேயே உலகப் புகழ் பெற்றுவிட்டது.

பாட்டி காலத்து புளூ ஜாகர்

நம் வீடுகளுக்கு வருவோம். ஏழு கல் தோடும், எட்டுக் கல் பேசரியும், எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவின் இரண்டு மூக்கிலும் மின்னிய மூக்குத்தியும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். "எங்க அம்மாவோடது அசல் புளூ ஜாகர்" என்று பெரியவர்கள் பெருமை அடித்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அது என்ன ஜாகர்? தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபான்டைன் என்று ஒரு சுரங்கம் இருந்தது. வெளுப்பில் நீலம் ஓடும் கற்களுக்கு அது பேர் போனது. அந்த ஊர்ப் பெயர்தான் நம் வாயில் 'ஜாகர்' ஆனது. வெயிலில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் பட்டதும் சில வைரங்கள் நீலமாக ஒளிவிடும். அதுதான் ரகசியம். சுரங்கம் 1971-ல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே இன்று புதுக் கல்லைக் காட்டி 'புளூ ஜாகர்' என்று யாராவது சொன்னால், அது நிறத்தைக் குறிக்கும் வழக்குப் பெயர் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

புள்ளி பார்க்கும் பழக்கமும் நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரை ரத்தினக் கடைத்தெருவைச் சொல்லும்போதே வைரத்தின் குற்றங்கள் வருகின்றன. காக்கைக்கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு என்று நான்கு. இன்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதும் இதையேதான்!

எங்கள் வீட்டுப் பதினாலு கல்

என் மாமியாருக்கு அவருடைய தாயார் போட்ட ஏழு கல் தோடு ஒரு ஜோடி இருந்தது. காது ஓட்டை இழுத்துப்போய், பாரம் தாங்கவில்லை என்று பத்து வருஷமாகப் பெட்டியில்தான் கிடந்தது. என் மகளுக்கு நிச்சயம் ஆனதும், "இதைப் போட்டுட்டு அவ கேக்குற மாதிரி புதுசு எடுங்க" என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். ஆனால் என் நாத்தனாருக்கும் ஒரு மகள் இருக்கிறாள். "அம்மா தோட்டுல என் பொண்ணுக்கும் பாத்தியதை உண்டு அண்ணி" என்று அவர் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றாலும், அதில் நியாயம் இருந்தது.

திருச்சிக்குப் போய், மலைக்கோட்டைப் பக்கத்துக் கடை ஒன்றில் காட்டினோம். "பழைய கட்டிங்மா, மதிப்பு இல்லை. எக்ஸ்சேஞ்ச்ல கழிச்சுக்கிட்டுப் புதுசு எடுத்துக்குங்க" என்று ஒரு தொகை சொன்னார்கள். இன்னொரு கடையில், "மறுபடி பட்டை போட்டா ரவுண்டா ஆக்கிடலாம்" என்றார்கள். பதினாலு கல்லும் சேர்ந்தே ஒன்றே முக்கால் கேரட்டுக்குள்தான். அதைத் திரும்பத் தீட்டினால் மீதி என்ன இருக்கும்? சாணை முன் உட்கார்ந்த கை ஆயிற்றே, கணக்கு எனக்குத் தெரியாதா? "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்து வந்துவிட்டோம்.

உள்ளூரில் எங்களுக்குத் தெரிந்த வயதான ஆசாரி ஒருவரிடம் தோட்டைக் கொடுத்துக் கல்லை இறக்கச் சொன்னோம். பின்பக்கம் மூடிக் கட்டிய தோடு. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் புகுந்து தகடு கறுத்துக் கிடந்தது. கழுவித் துடைத்து வெள்ளைத் துணியில் பரப்பினார். என் மகள் குனிந்து பார்த்தாள். "அம்மா, ஒவ்வொண்ணோட நடுவுலயும் குட்டியா ஒரு வட்டம் தெரியுது. நான் போன்ல பார்த்து வச்சிருந்தது இதேதாம்மா!" என்றாள். அவள் வெளிநாட்டுப் படத்தில் பார்த்து ஆசைப்பட்ட பழைய குஷன் பட்டை, அவள் அப்பத்தாவின் காதில் அறுபது வருஷம் இருந்திருக்கிறது!

அடுத்து, பேனா போன்ற ஒரு கருவியால் ஒவ்வொரு கல்லையும் தொட்டுப் பார்த்தார். வைரம் சூட்டை வேகமாகக் கடத்தும். அதை வைத்துக் கருவி சத்தம் கொடுக்கும். பதிமூன்று கல் சத்தம் கொடுத்தன. ஒன்று கொடுக்கவில்லை. நாத்தனார் முகத்தை நான் பார்க்க, அவர் என் முகத்தைப் பார்க்க, ஒரு நிமிஷம் யாருக்கும் பேச்சு வரவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமியார் சிரித்துவிட்டார். "அது எனக்குத் தெரியுமே! எம்பத்திரண்டு, எம்பத்திமூணு வறட்சியில கெணத்த ஆழப்படுத்தப் பணமில்ல. ஒத்தக் கல்ல வித்துட்டு, அந்த எடத்துல திருச்சிக் கல்ல வச்சுக் கட்டினாரு உங்க மாமா. அந்தக் கெணத்துத் தண்ணியிலதான் நீங்கள்லாம் சோறு தின்னீங்க. நாப்பது வருஷமா ஒருத்தரும் கண்டுபிடிக்கல பாரு!" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கை எதுவோ தீட்டிய கல், பதிமூன்று வைரத்துக்கு நடுவில் குறையில்லாமல் நின்றிருக்கிறது!

ஜோடியைப் பிரித்து ஆளுக்கு ஏழு கல்லாக இரண்டு பதக்கம் செய்வது என்று முடிவாயிற்று. திருச்சிக் கல் யார் பங்குக்கு? அங்கேதான் சங்கடம். "அதுக்குப் பதிலா ஒரு வைரம் வாங்கி வச்சுடலாம்" என்றேன் நான். என் மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "அது இருக்கிற பதக்கம் எனக்கு. அப்பத்தா கெணத்துக் கல்லு, அப்படியே இருக்கட்டும்" என்றாள். நாத்தனார் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். பெரியவர்கள் எங்களுக்குள் முளைத்த மனத்தாங்கல் அன்றோடு போயிற்று.

கல்லின் அடிப்பாகம் ஆழமாக இருந்ததால் இந்தத் தடவை பின்பக்கத்தைத் திறந்து கட்டச் சொன்னோம். வெளிச்சம் நன்றாகப் புகுகிறது. ரசீதில், 'வைரம் 6, செயற்கைக் கல் 1' என்று தெளிவாக எழுதி வாங்கிக்கொண்டோம். நாளைக்கு அவள் பிள்ளைகளுக்கும் கணக்குத் தெரிய வேண்டும் அல்லவா? செலவு தங்கத்துக்கும் கூலிக்கும்தான். புதுக் கல் வாங்கவென்று ஒதுக்கி வைத்த பணம் அவள் பெயரில் பேங்கில் இருக்கிறது.

வாங்கும்முன் கவனியுங்கள்

வீட்டில் பழைய கல் இருந்தால், மாற்றுவதற்கு முன் கல்லை இறக்கி, எடை போட்டு, எந்தப் பட்டை என்று எழுதி வாங்குங்கள். ஒரே கடை சொல்லும் விலையோடு நிற்காமல் இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். பழைய கைப்பட்டைக் கல்லை விரும்பி வாங்குகிறவர்கள் இப்போது உலகம் முழுதும் இருக்கிறார்கள்.

தட்டை அடி கொண்ட ரோஸ் பட்டைக் கல்லைப் பின்பக்கம் திறந்து கட்டினால் வெளிச்சம் ஒழுகிக் கல் மங்கித் தெரியலாம். அதற்குத் தகடு வைத்து மூடிய கட்டுதான் பொருத்தம். ஆசாரியிடம் கேட்டுச் செய்யுங்கள்.

கடை விளக்கில் எல்லாக் கல்லும் ஜொலிக்கும். அதற்கென்றே போட்ட விளக்கு அது! ஜன்னல் பக்கம் போய், வெயில் நேரடியாகப் படாத பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டிலும் பாருங்கள். பெரியவர்கள் வைரத்தை மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்த்து வாங்குவார்கள். ராசியில் நம்பிக்கை உண்டோ இல்லையோ, வீட்டு வெளிச்சத்தில் பார்ப்பது நல்ல வழக்கம்தானே.

சான்றிதழ் கேளுங்கள். ஜி.ஐ.ஏ. என்ற அமெரிக்க நிறுவனம் வட்ட வைரத்துக்கு 2006 முதல் பட்டைத் தரமும் போடுகிறது. மற்ற வடிவங்களுக்கு அந்த வரி பெரும்பாலும் இருக்காது. அங்கே உங்கள் கண்தான் நீதிபதி.

தங்கத்தில் கேரட் என்றால் மாற்று. வைரத்தில் கேரட் என்றால் எடை. ஒரு கேரட் 0.2 கிராம், அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். ஹால்மார்க்கும் ஆறு இலக்க அடையாள எண்ணும் தங்கத்துக்கு மட்டுமே உறுதி, கல்லுக்கு அல்ல. கல் எடையைக் கழித்த தங்க எடை எவ்வளவு, கல் எத்தனை கேரட் என்று ரசீதில் தனித்தனியே இருக்க வேண்டும்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் இப்போது கடைக்கு வந்துவிட்டது. அதுவும் கரிமம்தான், அதே கடினம்தான், போலி அல்ல. 2023-ல் மத்திய அரசு இந்த ஆராய்ச்சிக்கென்று சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐந்து வருஷத்துக்கு 242 கோடி ரூபாய் ஒதுக்கியது. விலை மிகவும் குறைவு. ஆசைப்பட்ட அபூர்வப் பட்டையைச் சிக்கனமாகப் போட்டுக்கொள்ள இது நல்ல வழி. ஆனால் திரும்ப விற்றால் பெரிதாகக் கிடைக்காது. பேனாக் கருவிக்கு இதற்கும் சுரங்க வைரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. மாய்ஸனைட் என்ற வேறு கல்லைக்கூட அது வைரம் என்றே சொல்லிவிடும். ஆகவே பெரிய தொகை என்றால் ஆய்வகச் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள்.

கைக்குழந்தைக்காரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கூர்மூலைச் சதுரமும் படகு வடிவமும் பார்க்க அழகுதான். ஆனால் உயர்ந்த கொக்கிகளில் நிற்கும் கல் குழந்தையைக் குளிப்பாட்டும்போது பிஞ்சுத் தோலைக் கீறிவிடும். துணியிலும் மாட்டும். விளிம்பு முழுக்கத் தங்கம் சுற்றிய கட்டாகச் செய்துகொள்ளுங்கள். கல்லின் கூர்முனைக்கும் அது காவல். வைரத்தை எதுவும் கீறாது என்பது சரி. ஆனால் ஓங்கி அடிபட்டால் பிளந்துவிடும். அம்மிக்கல் பக்கம் போகும்போது மோதிரத்தைக் கழற்றி வைப்பதே புத்திசாலித்தனம்.

ஒளி மங்காமலிருக்க

வைரத்துக்கு எண்ணெய் என்றால் உயிர், தண்ணீர் ஒட்டாது. இந்தக் குணத்தை வைத்தே சுரங்கங்களில் கொழுப்பு தடவிய மேஜை மேல் கல்லும் மண்ணும் கலந்த தண்ணீரை ஓடவிட்டு வைரத்தைப் பிரித்தார்கள். மற்றது ஓடிவிடும், வைரம் மட்டும் ஒட்டிக்கொள்ளும்! நம் காதிலும் அதே கதைதான். தலை எண்ணெயும் மஞ்சளும் படிந்து கல் மங்கிவிடும். பூந்திக்கொட்டையை வெந்நீரில் ஊறவைத்து, நுரையில் மெல்லிய பிரஷால் தேய்த்துக் கழுவினால் பளிச்சென்று ஆகிவிடும். இது பின்பக்கம் திறந்த நகைக்கு மட்டும். மூடிய கட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டால் தகடு கறுத்துவிடும். ஈரத் துணியால் மேலே துடைத்து, உடனே உலர்த்துங்கள். வைர நகைகளை ஒன்றோடொன்று உரச விடாமல் தனித்தனித் துணியில் முடிந்து வையுங்கள். வைரத்தைக் கீறுவது இன்னொரு வைரம்தான்.

புதுமாதிரிப் பட்டை வேண்டும் என்று உங்கள் மகளோ மருமகளோ கேட்டால், "ஊரில் இல்லாத ஆசை" என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலில் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மாமியாரின் தோடு, அம்மாவின் மூக்குத்தி எது இருந்தாலும் வெளிச்சத்தில் பிடித்து, நட்ட நடுவில் அந்தக் குட்டி வட்டம் தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால், அது எப்படி வந்தது என்று பெரியவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அதன் பிறகு கடைக்குப் போகலாம்.